விளக்குக் கம்பம் ஏன் படுத்துக் கிடக்கிறது?

மாயா என்னும் முப்பரிமாண மென்பொருளில் வரைந்த தெருவிளக்குக் கம்பத்தை, இன்ஃப்ராவொர்க்ஸ் மென்பொருளில் உள்ள சாலை மாதிரிக்குள் கொண்டுவந்தால், சில நேரம் அது தரையில் படுத்துக் கிடக்கும். கோப்பு கெட்டுப்போகவில்லை. மாயாவில் இயல்பாகவே ஒய் அச்சுதான் மேல்நோக்கும். நில மாதிரிகளில் இசட். எக்ஸ் அச்சைச் சுற்றி 90 பாகை திருப்பினால் கம்பம் நிமிர்ந்துவிடும்.

ஆனால் வரிசை மிக முக்கியம். நிமிர்த்துவதற்கு முன்பே இசட் அச்சில் 90 பாகை திருப்பிவிட்டால், கம்பம் எக்ஸ் அச்சின் மேலேயே படுத்துவிடும். பிறகு எக்ஸில் எவ்வளவு சுழற்றினாலும் உருளுமே தவிர எழாது! முதலில் நிமிர்த்துங்கள், பிறகு விளக்கைச் சாலைப் பக்கம் திருப்புங்கள்.

விளக்கைத் திருப்பும் கோணத்திலும் கவனம் வேண்டும். நில அளவையர் வடக்கிலிருந்து வலஞ்சுழியாக அளப்பார். கணிதம் கிழக்கிலிருந்து இடஞ்சுழியாக. அவருடைய 30 பாகை கணிதத்தில் 60. சுழற்சி மையம் கம்பத்தின் அடியில் இல்லையென்றால், திருப்பியதும் கம்பம் இடம்மாறி நடுச்சாலைக்கே வந்துவிடலாம். அந்த மையத்தை மாயாவிலேயே சரிசெய்துவிடுவது நல்லது.