உங்களுக்குத் தெரியுமா? கோலாவில் எலுமிச்சை

திருப்பதி அலிபிரியில் திருமலைக்குப் படியேறப் போகிறவர்களுக்கும் இறங்கி வந்தவர்களுக்கும் முதலில் தேடத் தோன்றுவது குளிர்ச்சியாக ஏதாவது ஒன்று. கடையில் வழக்கமான கோலாவோடு எலுமிச்சை கோலா, ஆரஞ்சு கோலா என்று புது ரகங்களும் அவ்வப்போது வந்து நிற்கும். அவை உண்மையிலேயே புதுசுதானா? அவற்றில் எலுமிச்சம்பழம் இருக்கிறதா? குடிக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய சில செய்திகள்:

● கோகோ கோலா 1886இல் அட்லாண்டா நகரில் ஜான் பெம்பர்ட்டன் என்ற மருந்து தயாரிப்பாளரின் கையில் பிறந்தது. அவருடையது என்று 1979இல் அந்த ஊர் நாளிதழ் ஒரு செய்முறைக் குறிப்பை வெளியிட்டது. அதில் எலுமிச்சைச் சாறு, எலுமிச்சை எண்ணெய், ஆரஞ்சு எண்ணெய், ஜாதிக்காய், கொத்தமல்லி, பட்டை எல்லாம் இருந்தன. நிறுவனம் அதைத் தன் செய்முறை என்று ஒப்புக்கொண்டதில்லை. ஆனாலும் கோலா வாசனைக்கு எலுமிச்சை, ஆரஞ்சு எண்ணெய்கள் அடிப்படை என்பது பானத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. எலுமிச்சை கோலா என்பது ஏற்கெனவே உள்ளே இருப்பதைக் கொஞ்சம் தூக்கலாக்குவதுதான்.

● இந்தியாவில் இந்த முயற்சி 2002லேயே நடந்தது. பெப்சி நிறுவனம் 'பெப்சி ஆஹா' என்ற பெயரில் எலுமிச்சை கோலாவை இறக்கியது. அது நிலைக்கவில்லை. அமெரிக்காவில் 2001இல் எலுமிச்சை சேர்த்த டயட் கோக்கும், 2005இல் லைம் சேர்த்த கோகோ கோலாவும் வந்தன.

● ஜெர்மனியில் மட்டும் கதை வேறு. கோலாவையும் ஆரஞ்சுச் சோடாவையும் கலந்த 'ஸ்பெட்சி' என்ற பானத்தின் பெயரை ஆக்ஸ்பர்க் நகரத்து ரீகலே நிறுவனம் 1956இல் பதிவு செய்தது. இன்றும் அங்கே அது அன்றாடப் பானம்.

● பெப்சிகோவின் ஒரு பெரிய ஆலை நம் திருப்பதிப் பக்கம்தான் இருக்கிறது. சத்யவேடு அருகே ஸ்ரீசிட்டியில் ரூ.1,200 கோடி முதலீட்டுத் திட்டமாக 2015 ஏப்ரலில் அது திறக்கப்பட்டது. அப்போதைய தலைவர் இந்திரா நூயி, சென்னையில் பிறந்து வளர்ந்தவர், விழாவுக்கு வந்திருந்தார்.

● எலுமிச்சையும் இந்த மண்ணின் விளைச்சல்தான். திருப்பதியிலிருந்து நெல்லூர் போகும் வழியில் உள்ள கூடூர், ஆந்திராவின் பெயர்பெற்ற எலுமிச்சைச் சந்தை. திருப்பதியிலேயே எலுமிச்சை வகைப் பயிர்களுக்கென்று ஓர் ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. சொறி நோயைத் தாங்கும் 'பாலாஜி' என்ற எலுமிச்சை ரகம் இந்தப் பகுதி விவசாயிகளுக்கு நன்கு பழக்கம்.

● ஆனால் பாட்டிலில் எலுமிச்சைப் படம் இருந்தால் உள்ளே சாறு இருக்கிறது என்று பொருள் இல்லை. காஸ் ஏற்றிய பழ பானம் என்ற பெயரில் விற்க வேண்டுமானால் குறைந்தது 10 சதவீதம் சாறு வேண்டும். எலுமிச்சைக்கு 5 சதவீதம் போதும் என்கிறது இந்திய உணவுப் பாதுகாப்பு விதி. அது இல்லாதவற்றின் லேபிளில் 'பழம் இல்லை' என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். பாட்டிலைத் திருப்பி அதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

● லேபிளில் காணும் 'சிட்ரிக் அமிலம்' பெரும்பாலும் எலுமிச்சையிலிருந்து எடுத்தது அல்ல. ஆஸ்பர்ஜில்லஸ் நைஜர் என்ற கரும்பூஞ்சையைச் சர்க்கரைக் கரைசலில் வளர்த்து எடுப்பது. நூறு வருடங்களாக உலகம் முழுக்க இதுதான் முறை.

● எலுமிச்சையின் புளிப்பு சாற்றில் இருக்கிறது, மணமோ தோலில். தோலை மடித்து அழுத்திப் பாருங்கள், எண்ணெய் பொடிப்பொடியாகத் தெறிக்கும். எலுமிச்சை கோலாவின் ருசி பிடித்தவர்கள் சாதா கோலா டம்ளரின் விளிம்பில் அந்தத் தோலைத் தேய்த்து, அரை மூடி பிழிந்து குடிக்கலாம். தித்திப்பு மட்டுப்படும், வாசனையும் அசலாக இருக்கும். எந்தப் புது ரகமும் இதற்கு ஈடாகாது என்பது என் உறுதியான கருத்து.

● எலுமிச்சை சேர்ந்தாலும் சர்க்கரை குறைவதில்லை. வழக்கமான கோலா 300 மில்லியில் ஏறக்குறைய 32 கிராம், அதாவது எட்டு டீஸ்பூன் சர்க்கரை. ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் நிறுத்திக்கொண்டால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரே பாட்டிலில் அந்த வரம்பு தாண்டிவிடுகிறது.

● கண்ணாடிக் கோலி அடைத்த சோடா பாட்டிலுக்கு 1872இல் காப்புரிமை பெற்றவர் ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர். அவர் நாட்டில் அது வழக்கொழிந்துவிட்டது. நம் கடைக்காரர்களோ இன்றும் கட்டைவிரலால் கோலியை அமுக்குகிறார்கள். பிழிந்த எலுமிச்சையும் உப்பும் கிடக்கும் டம்ளரில் சோடாவை ஊற்றியதும் நுரை விளிம்பு வரை பொங்கும். திருப்பதிக் கடைகளில் தெலுங்கில் 'நிம்ம சோடா' என்று கேட்டாலும் கிடைக்கும், தமிழில் கேட்டாலும் கிடைக்கும்.

● அலிபிரியிலிருந்து திருமலைக்கு 3,550 படிகள். வேர்வையோடு தண்ணீர் மட்டுமல்ல, உப்பும் வெளியேறுகிறது. கோலா அந்த உப்பை ஈடு செய்யாது. சர்க்கரை அதிகமுள்ள பானம் வயிற்றையும் கனக்க வைக்கும். உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறும் நீர்மோரும்தான் ஏறுகிறவர்களுக்கு ஏற்றவை. இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் உப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும். சர்க்கரை நோயாளிகள் இனிப்பு வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். திருமலையில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை உண்டு. எவர்சில்வர் பாட்டில் ஒன்றைக் கையோடு எடுத்துப் போங்கள்.

● புது கோலாவை ருசி பார்ப்பதில் தப்பில்லை. குழந்தைகள் கேட்டால் ஆளுக்குக் கொஞ்சம் பகிர்ந்து கொடுங்கள். தாகத்துக்கு மட்டும் பழத்தையே பிழியச் சொல்லுங்கள். எலுமிச்சை வாசனை கோலா எத்தனை விற்றாலும் கூடூர்ச் சந்தைக்கு மூட்டை கொண்டுவரும் விவசாயிக்கு அதில் பெரிய லாபமில்லை. நீங்கள் குடிக்கும் ஒவ்வொரு எலுமிச்சை சோடாவிலும் அவருக்கு ஒரு பங்கு உண்டு.