நின்ற வண்டி மீண்டும் ஓட

ஸ்டேஷன் வேகன் என்பது கூரை பின்முனை வரை நீண்டிருக்கும் மகிழுந்து வகையாகும். தொடர்வண்டி நிலையத்தில் இறங்கும் பயணிகளையும் அவர்களுடைய பெட்டிகளையும் வீட்டிற்கோ விடுதிக்கோ கொண்டு சேர்க்கப் பயன்பட்டமையால் அதற்கு அப்பெயர் அமைந்தது. பிற மகிழுந்துகளில் சாமான் வைக்கும் இடம் தனி அறையாகப் பின்னால் இருக்கும். வேகனிலோ அது பயணியர் அமரும் பகுதியோடு ஒன்றாகிவிடும். பின்கதவைத் திறந்து அரிசி மூட்டையையும் ஏற்றலாம். உறவினர் வீட்டுத் திருமணத்திற்குப் பாத்திரங்களையும் ஏற்றலாம்.

இத்தகைய வண்டி ஒன்று சென்னையில் உருவானது என்பது இன்று பலர் அறியாத செய்தி. சென்னைக்குத் தெற்கே வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனத்தின் தொழிற்சாலை இருந்தது. இங்கிலாந்தில் 1959ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஹெரால்டு’ என்னும் சிறிய மகிழுந்தை அந்நிறுவனம் 1961 முதல் இந்தியாவில் செய்து விற்றது. இங்கிலாந்து ஹெரால்டுக்குப் பக்கத்திற்கு ஒன்றாக இரண்டே கதவுகள். பின்னிருக்கைக்குச் செல்ல வேண்டுமானால் முன்னிருக்கையை மடக்கி, உடலை வளைத்து உள்ளே நுழைய வேண்டும். தாத்தா, பாட்டி, குழந்தைகள் என மொத்தக் குடும்பமும் ஒரே வண்டியில் செல்லும் நாட்டிற்கு அது ஒத்துவரவில்லை. ஆகவே சென்னைத் தொழிற்சாலை தானே நான்கு கதவு வண்டியை உருவாக்கியது. பின்னர் அதையே நீட்டி, பின்புறத்தில் ஐந்தாம் கதவும் வைத்து, ‘கம்பானியன்’ என்னும் ஸ்டேஷன் வேகனைச் செய்தது. கம்பானியன் என்றால் துணைவன் என்று பொருள். 1980களின் இறுதியில் அந்நிறுவனத்தின் உற்பத்தி நின்றுபோயிற்று.

இப்போது ஒரு பழைய கம்பானியன் இருபது ஆண்டுகளாக ஒரு கொட்டகையில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். வேகன்கள் பெரும்பாலும் அவ்வாறுதான் கிடைக்கின்றன. அழகுக்காக வாங்கிய வண்டியை உரியவர் துடைத்துத் துணி போர்த்தி வைப்பார். சுமை இழுத்த வண்டியை அவ்வாறு யாரும் பேணுவதில்லை. அது தேயும் வரை உழைக்கும். தேய்ந்தபின் மூலையில் நிறுத்தப்படும். அதன்பின் காயலான் கடைக்குப் போகும். வடநாட்டில் ‘கபாடி’ எனப்படும் பழைய இரும்புக் கடையையே தமிழகத்தில் காயலான் கடை என்பர்.

ஓடாமல் நிற்கும் வண்டிக்குத் தேய்மானம் இல்லை என்று நினைப்பது தவறு. ஓடும் வண்டியைவிட நிற்கும் வண்டியே வேறு வகைகளில் விரைவாகக் கெடுகிறது. தொட்டியில் மிஞ்சிய பெட்ரோல் சிறிது சிறிதாக ஆவியாகி, அடியில் பிசின்போல் படியும். என்ஜினின் உள்ளே பிஸ்டன் வளையங்கள் சிலிண்டர் சுவரோடு துருவால் ஒட்டிக்கொள்ளும். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது; அந்த ஈரம் பிரேக் உறுப்புகளை உள்ளிருந்தே அரிக்கும். ரப்பர் குழாய்கள் வெடிக்கும்; டயர்கள் விரியும். எலிகள் இருக்கைப் பஞ்சில் குடும்பம் நடத்துவதோடு மின்கம்பிகளின் உறையையும் கொறித்துவிடும். வெளியே தெரிவது தூசி மட்டுமே.

எனவே இத்தகைய வண்டியைக் கண்டவுடன் செய்யக்கூடாத செயல் ஒன்று உண்டு. அதுவே எல்லோரும் முதலில் செய்ய விரும்பும் செயல். புதிய பேட்டரியை இணைத்துச் சாவியைத் திருப்புவது! ஒட்டிக்கொண்ட பிஸ்டனை மோட்டார் வலுவாக இழுத்தால் வளையம் முறியும். சிலிண்டர் சுவர் கீறும். பத்து நொடி ஆவலால் விளைந்த சேதத்தைச் சரிசெய்ய என்ஜின் முழுவதையும் பிரிக்க நேரிடும்.

தேர்ந்த மெக்கானிக் வேறு வழியில் தொடங்குவார். கம்பானியனின் என்ஜின் 948 கன சென்டிமீட்டர் கொள்ளளவுடையது. நான்கு சிலிண்டர்கள் கொண்டது. அவற்றின் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் சிறிது எண்ணெய் விட்டுச் சில நாட்கள் காத்திருப்பார். பின்னர் என்ஜினின் முன்முனையிலுள்ள பெரிய போல்ட்டில் ஸ்பானரை மாட்டி, கையால் மெல்ல அசைப்பார். அசையவில்லையென்றால் மீண்டும் எண்ணெய், மீண்டும் காத்திருப்பு. ஒருநாள் அது நூலளவு நகரும். அந்த நூலளவு அசைவைக் கையில் உணர்வதற்குப் பழக்கம் வேண்டும். எவ்வளவு விசை தாங்கும், எங்கே நிறுத்த வேண்டும் என்பது பட்டறையில் நின்று கற்கும் பாடம்.

என்ஜின் கையால் முழுச் சுற்றுச் சுற்றியபின்தான் மற்ற வேலைகள் தொடங்கும். பழைய எண்ணெய் வெளியேற்றப்படும். துருச்சேறு நிறைந்த ரேடியேட்டர் கழுவப்படும். கார்புரேட்டர் பிரிக்கப்பட்டு, அதன் நுண்துளைகள் ஒவ்வொன்றும் தூய்மை செய்யப்படும். பெட்ரோல் தொட்டியைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. வெறுந்தொட்டி என்று நம்பி அதன் அருகே தீயையோ வெல்டிங் கருவியையோ கொண்டுசெல்லக் கூடாது. நீர்மம் போய்விட்டாலும் உள்ளே தங்கிய ஆவி வெடிக்கவல்லது. அவ்வாறே பழைய பிரேக் டிரம்முக்குள் இருக்கும் தூளைக் காற்றடித்து ஊதக் கூடாது. அக்காலத்துப் பிரேக் கட்டைகளில் கல்நார் கலந்திருந்தது. அதன் தூள் நுரையீரலுக்குக் கேடு. ஈரத்துணியால் துடைத்தெடுப்பதே முறை.

பிரித்தெடுக்கும் ஒவ்வொரு பகுதியையும் முன்னரே படம் எடுத்து, போல்ட்டுகளைத் தனித்தனிப் பைகளில் இட்டுப் பெயர் எழுதி வைக்க வேண்டும். பெயர் எழுத மறந்த ஒரு போல்ட்டு அரைநாள் வேலையைத் தின்றுவிடும்.

ஹெரால்டு வகை வண்டிகளுக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. இன்றைய மகிழுந்துகளில் உடலும் அடிச்சட்டமும் ஒன்றாக வார்த்தாற்போல் இணைந்திருக்கும். ஹெரால்டிலோ சேசிஸ் எனப்படும் அடிச்சட்டம் தனி. அதன்மேல் உடற்பகுதிகள் போல்ட்டுகளால் பிணைக்கப்பட்டவை. முழு உடலையும் ஒன்றாகச் செய்து தரவல்ல ஆலை இங்கிலாந்து நிறுவனத்திற்கு அப்போது கிடைக்கவில்லை. ஆகவே துண்டு துண்டாகச் செய்து பூட்டும் முறையை அது மேற்கொண்டது. அன்றைய அந்த இடர்ப்பாடே பழுதுபார்ப்போருக்கு இன்று உதவியாகிறது. துருப்பிடித்த பகுதியை மட்டும் கழற்றிச் செப்பனிடலாம். முன்பக்கப் பானெட் முழுவதும் சக்கர மறைப்புகளோடு சேர்ந்து முன்னோக்கிச் சாய்ந்து திறப்பதால், என்ஜினையும் முன்சக்கரங்களின் உறுப்புகளையும் எளிதாக எட்டலாம்.

எட்டிப் பார்க்க வேண்டிய உறுப்புகளுள் ஒன்று, முன்சக்கரத்தைத் தாங்கும் ‘ட்ரன்னியன்’. கையளவே உள்ள இந்தப் பித்தளை உறுப்புக்குக் கிரீஸ் இடக் கூடாது. கெட்டியான கியர் எண்ணெயே இட வேண்டும். எல்லாவற்றிற்கும் கிரீஸ் அடித்துப் பழகிய கைகள் இதற்கும் அதையே அடித்துவிடுகின்றன. கிரீஸ் இறுகி வழியை அடைத்தால், உள்ளே உலர்ந்த தண்டு ஒருநாள் முறியும். சக்கரம் மடங்கி வண்டி சாலையில் அமர்ந்துவிடும். வண்ணப்பூச்சுக்கு ஆகும் செலவில் நூறில் ஒரு பங்கும் இதற்கு ஆகாது. ஆயினும் புதுப்பிக்கும் பலர் வண்ணத்தையே முதலில் எண்ணுகின்றனர்.

உடலில் எது இரும்பு, எது பூச்சு என்று அறிய ஒரு காந்தம் போதும். முன்பு யாரேனும் துருவின்மேல் பட்டி பூசி மறைத்திருந்தால் அங்கே காந்தம் ஒட்டாது. அவ்விடத்தைச் சுரண்டி, நல்ல இரும்பு தெரியும் வரை வெட்டியெடுத்து, புதிய தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். தமிழகப் பட்டறைகளில் தகட்டைத் தட்டி உருவாக்கும் வேலையை ‘டிங்கரிங்’ என்பர். வேகனில் இவ்வேலை மிகுதி. நீண்ட கூரை, பெரிய பின்கதவு, அதைச் சுற்றியுள்ள ரப்பர் என மழைநீர் நுழையும் வழிகள் பல. நுழைந்த நீர் பின்தளத்தில் தேங்கி, விரிப்பின் அடியில் ஓசையின்றித் துருவை வளர்க்கும்.

இனி உதிரி உறுப்புகள். புதுப்பேட்டை, தில்லியின் மாயாபுரி, மும்பையின் குர்லா ஆகிய இடங்களின் பழைய பொருள் கடைகளில் தேடினால் என்ஜின் உறுப்புகள் சில அகப்படலாம். இங்கிலாந்தில் ஹெரால்டு வண்டிகளைப் போற்றுவோர் இன்றும் உள்ளமையால் ரப்பர் வளையங்கள், பிரேக் உறுப்புகள், ட்ரன்னியன் முதலியவை அங்கே புதிதாகவே கிடைக்கின்றன. ஆனால் கம்பானியனின் பின்பக்கவாட்டுக் கதவுகளை இங்கிலாந்தில் தேடிப் பயனில்லை. அங்கே எந்த ஹெரால்டுக்கும் அக்கதவுகள் இருந்ததே இல்லை. சென்னையில் எண்ணி, சென்னையில் வடித்த கதவுகள் அவை. கம்பானியனை இங்கிலாந்து வண்டியிலிருந்து வேறுபடுத்திக் காட்டும் அதே கதவுகள்தாம் உலகில் வேறெங்கும் வாங்க முடியாதவையாகவும் இருக்கின்றன.

ஆகவே அக்கதவு எவ்வளவு துருப்பிடித்திருந்தாலும் தூக்கி எறியலாகாது. கீழ்விளிம்பு போயிருந்தால் அவ்விளிம்பை மட்டும் வெட்டி, பழைய வளைவைப் பார்த்துப் புதிய தகட்டைத் தட்டி இணைக்க வேண்டும். எதிர்ப்பக்கக் கதவு அதற்கு அளவுகோலாகும். இடம் வலம் மாறுவதை மட்டும் மறவாதிருக்க வேண்டும். இரு கதவுகளும் அழிந்திருந்தால் அளவுகோலும் இல்லை. அந்நிலையில் மற்றொரு கம்பானியன் வைத்திருப்பவரைத் தேடிச் சென்று அட்டையில் படி எடுத்து வருவதன்றி வேறு வழியில்லை.

எவ்வளவு மாற்றலாம் என்பதில் புதுப்பிப்போரிடையே கருத்து வேறுபாடு உண்டு. சிலர் புதிய ஜப்பானிய என்ஜினைப் பொருத்திக் குளிர்சாதனமும் வைத்துவிடுகின்றனர். அது வசதிதான், ஆனால் அது பழைய உடைக்குள் புகுந்த வேறொரு வண்டி. சட்டமும் ஏறத்தாழ இவ்வாறே கருதுகிறது. 2021ஆம் ஆண்டு நடுவண் அரசு வெளியிட்ட விதிகளின்படி, முதற்பதிவு முடிந்து 50 ஆண்டுகளுக்கு மேலான, அடிச்சட்டமோ உடலோ என்ஜினோ பெரிதும் மாற்றப்படாத வண்டிகளே பழம்பெரும் வண்டிகளாகப் பதிவு பெறும். அவற்றின் எண்பலகையில் ‘விஏ’ என்னும் எழுத்துகள் இடம்பெறும். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். அது 10 ஆண்டுகளுக்குச் செல்லும். இவ்வண்டிகளை நாள்தோறும் அலுவலகத்திற்கு ஓட்ட இயலாது. கண்காட்சி, ஆய்வு, பழம்பெரும் வண்டிகளின் அணிவகுப்பு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு ஆகியவற்றிற்கே சாலைக்கு வரலாம். தில்லியில் 1964 முதல் நடைபெறும் ஸ்டேட்ஸ்மன் அணிவகுப்பு இத்தகைய வண்டிகளைக் காண நல்ல வாய்ப்பு. கோயம்புத்தூரில் ஜி.டி. மகிழுந்து அருங்காட்சியகமும், அரியானாவின் தாவடூவில் போக்குவரத்து மரபு அருங்காட்சியகமும் உள்ளன.

மாற்றியே ஆக வேண்டிய சில உறுப்புகளும் உண்டு. இன்றைய பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலக்கப்படுகிறது. அறுபதுகளின் ரப்பர் அதைத் தாங்காது. எரிபொருள் குழாய்களையும் பெட்ரோல் பம்பின் உள்ளிருக்கும் மெல்லிய சவ்வையும் எத்தனாலைத் தாங்கும் பொருளில் புதிதாக இடுவது கட்டாயம். டயர்களின் கோடுகள் ஆழமாகத் தெரிந்தாலும் அவற்றையும் மாற்றியாக வேண்டும். இவை உயிர்காப்பு தொடர்பானவை. பழமை என்று சொல்லி விட்டுவைக்க இயலாதவை.

முதல் ஓட்டம் சாலையில் அன்று, பட்டறையின் முற்றத்தில். நடைவேகத்தில் சென்று பிரேக்கை அழுத்தி, நான்கு சக்கரங்களும் ஒன்றாக நிற்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒருபுறம் இழுத்தால் அன்றைய ஓட்டம் அத்துடன் முடிந்தது. நேராக நின்றால், அருகிலுள்ள பெட்ரோல் நிலையம் வரை போய் வரலாம். திரும்பியதும் வண்டியின் அடியில் ஓர் அட்டையை விரித்து ஓர் இரவு விட்டுவைப்பர். காலையில் அட்டையில் விழுந்திருக்கும் சொட்டுகளின் நிறமும் இடமும், எது எண்ணெய், எது பிரேக் எண்ணெய், எது நீர், அடுத்து எந்த நட்டை இறுக்க வேண்டும் என்பதைக் காட்டிவிடும்.