மோட்டாரின் அடிப்பெட்டியில் நீர் புகுதல்

பழவேற்காடு ஏரிக்கரையிலுள்ள தோணிரேவு என்னும் ஊரின் பெயரே அதன் தொழிலைக் கூறும். தெலுங்கில் ரேவு என்பது துறை. தோணிகள் அடையும் இத்தகைய துறைகளில் இன்று கோலும் துடுப்பும் மட்டுமன்றி, படகின் பின்புறம் மாட்டும் சிறு மோட்டார்களும் வழங்குகின்றன. அம்மோட்டார்களுக்கு நேரும் ஒரு கேட்டினையும் அதன் பரிகாரத்தையும் அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம்.

எஞ்சினின் சுழற்சி, செங்குத்தான தண்டின் வழியே கீழிறங்கி, அடிப்பெட்டியிலுள்ள பல்சக்கரங்களால் கிடைத்தண்டுக்கு மாறிப் புரொப்பல்லரைச் சுழற்றுகிறது. பெட்டியினுள் கியர் எண்ணெய், வெளியே உப்புநீர். இரண்டையும் பிரித்து நிறுத்துவன ஆயில் சீல் எனப்படும் ரப்பர் வளையங்களே. ஓடும்போது எண்ணெய் சூடேறி விரிகிறது. நின்றபின் குளிர்ந்து சுருங்குகிறது. அப்போது வளையம் பழுதுற்றிருந்தால் நீர் உள்ளே இழுக்கப்படும். நீர் கலந்த எண்ணெய் பற்களைக் காக்காது. துரு ஏறிப் பற்கள் உடையும். அலையும் நீரோட்டமும் மோதும் முகத்துவாரத்தில் அது நேரின், நஷ்டம் பணத்தோடு முடிவதில்லை.

இதனைக் கண்டறிதல் எளிது. மோட்டாரை ஓரிரவு நிமிர்த்தி வைத்து, காலையில் அடித்திருகாணியைச் சிறிது தளர்த்துக. எண்ணெயினும் கனமான நீர் அடியில் தங்கியிருக்குமாதலால் முதலில் அது சொட்டும். எண்ணெய் மோர்போல் வெளுத்திருப்பதும் நீர் புகுந்ததற்கு அறிகுறியே. எண்ணெயை மாற்றிவிட்டால் போதுமெனக் கருதுவது தவறு. நீர் புகுந்த வழியை அடைக்காவிடில் புதிய எண்ணெயும் சில நாளில் கெடும்.

வேலை தொடங்குமுன் ஸ்பார்க் பிளக்கின் கம்பியைக் கழற்றிவிடுதல் அவசியம். முதலில் மேல், கீழ்த் திருகாணிகளின் வாஷர்களைப் பார்க்கவும். நசுங்கிய வாஷரே பல சமயங்களில் குற்றவாளி. அடுத்துப் புரொப்பல்லரைக் கழற்றித் தண்டினைச் சோதிக்கவும். அறுந்த நைலான் வலைநூல் அங்கே சுற்றிக்கொண்டு வளையத்தை அறுத்துவிடும். ஓர் இழை அறுந்தால் பாவு கெடுவதை நெசவாளர் அறிவர். இங்கோ ஓர் இழை சிக்கினாலே இயந்திரம் கெடுகிறது. ஆழங்குறைந்த ஏரியில் கலங்கும் மணலும் வளையத்தைத் தேய்க்கும்.

இவற்றால் வழி புலப்படாவிடில், எண்ணெயை வடித்து, மேல் துவாரத்தில் கைப்பம்பைப் பொருத்தி, சதுர அங்குலத்துக்கு 10 பவுண்டு அளவு காற்றேற்றித் தொட்டி நீரில் அமிழ்த்துக. குமிழி எழும் இடமே பழுதுள்ள இடம்.

பழைய வளையத்தை எடுக்குமுன் அதன் உதடு எத்திசை நோக்கியதெனக் குறித்துக்கொள்க. சில மோட்டார்களில் இரு வளையங்கள் எதிரெதிராக இருக்கும். ஒன்று எண்ணெயைக் காக்கும், மற்றது நீரைத் தடுக்கும். திசை மாறினால் உழைப்பு வீண். தண்டினை நகத்தால் தடவிப் பள்ளம் தட்டுப்பட்டால், புது வளையமும் நிலைக்காது. தண்டையும் மாற்ற நேரும். புது வளையத்தின் உதட்டில் கிரீஸ் தடவிச் சாயாமல் இறக்குக.

எண்ணெயைக் கீழ்த் துவாரத்தின் வழியே ஏற்றுதல் வேண்டும். மேல் துவாரத்தில் குமிழியின்றி வழிந்ததும் மேல் திருகாணியை முடுக்கி, பின்னரே கீழ்க்குழாயை எடுத்து அடைக்கவும். மேலிருந்து ஊற்றினால் காற்று தங்கிவிடும். வடித்த எண்ணெயை ஏரியில் கொட்டலாகாது. இறாலும் மீனும் வளரும் நீர் அது.

பற்களின் விலையோடு ஒப்பிடின் வளையத்தின் விலை அற்பமே. ஒவ்வொரு சங்கமும் தன் அங்கத்தினரின் மோட்டார்களுக்குரிய வளையங்களையும் வாஷர்களையும் காற்றழுத்தமானியுடன் கூடிய ஒரு கைப்பம்பையும் பொதுவில் வாங்கி வைக்குமாயின், தனி ஒருவர்க்குப் பாரமாவது பலர்க்கும் எளிதாகும்.