பழைய அம்பாசிடர் ஆயில் குடிக்கிறதா? எஞ்சினைப் பிரிக்கும் முன் பார்க்க வேண்டியவை

"ஆயில் குடிக்கிறது, ரீபோர் செய்துவிடலாம்." பழைய அம்பாசிடர் வைத்திருப்போர் ஒர்க்‌ஷாப்பில் அடிக்கடி கேட்கும் தீர்ப்பு இது. சில சமயம் தீர்ப்பு சரியாகவே இருக்கும். பல சமயம் விசாரணையே இல்லாமல் வழங்கப்பட்டதாக இருக்கும். ஒரு ரப்பர் வளையத்தை மாற்றினால் தீர்ந்துவிடும் கோளாறுக்கு எஞ்சினையே இறக்கிப் பிரித்துப் பணத்தை இழந்தவர்கள் உண்டு.

இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரை அடியொற்றி, வங்காளத்து உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1958-ல் கொண்டுவந்த வண்டி அம்பாசிடர். உற்பத்தி 2014-ல் நின்றது. நெடுங்காலம் அதன் இதயமாக இருந்தது 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின். இன்று இவ்வண்டிகளில் பல ஐம்பது வயதைத் தாண்டிவிட்டன. அத்தகைய கார்களை 'விண்டேஜ்' என்று பதிவு செய்துகொள்ள மத்திய அரசு 2021-ல் விதி வகுத்தது. சேஸிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரும் மாற்றம் செய்யப்படாதிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஆகவே காருடன் பிறந்த எஞ்சினைக் காப்பாற்றுவது முன்னிலும் முக்கியமாகிவிட்டது.

ரீபோர் என்பது சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து அகலப்படுத்துவது. ஓர் அங்குலத்தை ஆயிரம் பங்காக்கி, 10, 20, 30, 40 பங்கு என்று படிப்படியாகத்தான் கடைய முடியும். கடைந்த இரும்பு திரும்பி வராது. தேவையில்லாமல் ஒரு முறை கடைந்தால் எஞ்சினின் ஆயுளில் ஒரு படி போயிற்று.

முதலில் கணக்கு

ஆயில் எவ்வளவு குறைகிறது என்று அளக்காமல் வைத்தியம் தொடங்கக்கூடாது. சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சில நிமிடம் கழித்து அளவுக் கம்பியைப் பார்க்க வேண்டும். மேல் கோடு வரை ஊற்றி, கிலோமீட்டரைக் குறித்துக்கொண்டு, 500 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி நிரப்பி, எவ்வளவு பிடிக்கிறது என்று பார்க்க வேண்டும். மேல் கோட்டைத் தாண்டி ஊற்றுவதும் தவறு. அதிகப்படியான ஆயிலைக் கிராங்க் அடித்துச் சிதறவிடும்; அது எரிந்து புகையாகப் போகும்.

தரையில் சொட்டும் ஆயிலை அலட்சியம் செய்பவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு மில்லிலிட்டருக்கு ஏறக்குறைய 20 சொட்டு. ஓடும்போது 50 மீட்டருக்கு ஒரு சொட்டு விழுந்தால், ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் காலி. சம்ப்பில் இருப்பதே நாலு லிட்டர் சுமார்தான்!

அளவு குறையவில்லை என்பதும் எப்போதும் நல்ல சேதி அல்ல. எஞ்சினில் பொருத்திய பெட்ரோல் பம்ப்பின் டயாஃப்ரம் கிழிந்திருந்தால் பெட்ரோல் ஆயிலில் இறங்கும். ஆயில் குறைந்தது தெரியாமல் மட்டம் மட்டும் உயர்ந்து நிற்கும். கம்பியை முகர்ந்தால் பெட்ரோல் வாடை காட்டிக்கொடுத்துவிடும்.

கசிவா, எரிவா?

ஆயில் போக இரண்டே பெரிய வழிகள்: வெளியே கசிவது, உள்ளே எரிவது. கசிவைக் கண்டுபிடிக்க முதலில் ஆறிய எஞ்சினை நன்கு கழுவித் துடைத்துக் காயவிட வேண்டும். சந்தேகமான இணைப்புகளில் சாக்பீஸ் தூளையோ முகப்பவுடரையோ தூவி, சிறிது தூரம் ஓட்டிவந்து பார்த்தால், தூள் நனைந்த இடம் கசிவைச் சொல்லும். ஆயில் கீழே வழியும். காற்று அதைப் பின்னால் தள்ளும். ஆகவே நனைந்த இடங்களில் எது மிக மேலேயும் மிக முன்னாலும் இருக்கிறதோ, அதையே முதலில் சந்தேகிக்க வேண்டும்.

ராக்கர் கவரின் கார்க் காஸ்கெட், பக்கவாட்டு டேப்பெட் மூடிகள், ஆயில் ஃபில்டர் இணைப்பு, முன்புற டைமிங் கவர், சம்ப் காஸ்கெட் ஆகியவை வழக்கமான இடங்கள். எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் சொட்டினால், "பின் பேரிங் போய்விட்டது" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இந்த எஞ்சினில் கிராங்கின் பின்முனையில் ரப்பர் சீல் கிடையாது. திருகு மறை போன்ற ஒரு வெட்டுத்தான் ஆயிலை உள்ளே திருப்பி அனுப்புகிறது. எனவே அங்கே ஓரிரு சொட்டு விழுவது இதன் பிறவிக் குணம். மேலும், ராக்கர் கவரிலிருந்து பின்பக்கமாக வழியும் ஆயிலும் அதே இடத்தில்தான் வந்து சொட்டும்.

எல்லா இணைப்பிலும் ஒரே சமயத்தில் கசிந்தால் காஸ்கெட்டுகளைக் குறை சொல்லிப் பயனில்லை. பிஸ்டனைத் தாண்டி இறங்கும் வாயு வெளியேற ஒரு மூச்சுக்குழாய் உண்டு. அதில் அழுக்கு அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, கிடைத்த சந்திலெல்லாம் ஆயிலை வெளியே தள்ளும். குழாயைச் சுத்தம் செய்யச் செலவு ஏதுமில்லை. அதைச் செய்யாமல் எத்தனை காஸ்கெட் மாற்றினாலும் கசிவு நிற்காது.

புகை சொல்லும் சேதி

கரும்புகை பெட்ரோல் அதிகமாவதைக் குறிக்கும். குளிர்ந்த பெங்களூர்க் காலைகளில் சற்று நேரம் வரும் வெண்புகை நீராவியே. நீலப்புகைதான் ஆயில் எரிவதன் அடையாளம். அது எப்போது வருகிறது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு கொத்து நீலப்புகை வந்து மறைந்தால், இரவெல்லாம் வால்வுத் தண்டு வழியே ஆயில் இறங்கியிருக்கிறது என்று பொருள். நந்திமலை போன்ற இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரை விட்டு வந்து, கீழே மறுபடி மிதிக்கும்போது புகை கிளம்பினாலும் அதே இடத்தைத்தான் பார்க்க வேண்டும். இறக்கத்தில் சிலிண்டருக்குள் வெற்றிடம் மிகும். தேய்ந்த வால்வு கைடு வழியே ஆயில் உறிஞ்சப்படும். மாறாக, ஏற்றத்தில் மிதிக்க மிதிக்கப் புகை தொடர்ந்து வந்தால் பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டரையும் சந்தேகிக்கலாம்.

1960-களின் அமெரிக்க வி-8 எஞ்சின்களில் இன்னொரு வழியும் உண்டு. அவற்றில் பல ரகங்களில் இன்லெட் மேனிஃபோல்டு இரு வரிசைச் சிலிண்டர்களுக்கு நடுவே, ஆயில் தெறிக்கும் பள்ளத்தின்மேல் உட்காருகிறது. அதன் காஸ்கெட் அடிப்பக்கம் விட்டுப்போனால் எஞ்சின் ஆயிலை நேரே உறிஞ்சிக் குடிக்கும். அம்பாசிடரில் மேனிஃபோல்டு பக்கவாட்டில் இருப்பதால் அந்தத் தொல்லை இல்லை.

ஒரு ஸ்பூன் ஆயில் சோதனை

புகை காட்டியதை உறுதிசெய்யக் கம்ப்ரஷன் கேஜ் வேண்டும். சூடான எஞ்சினில் நாலு பிளக்கையும் கழற்ற வேண்டும். ஒரு பிளக் மட்டும் ஆயிலில் நனைந்து கறுத்திருந்தால் குற்றவாளிச் சிலிண்டர் அதுவே. ஆக்ஸிலரேட்டரை முழுக்க அழுத்தியபடி ஸ்டார்ட்டரைச் சுழற்றி, ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் எழுதிக்கொள்ள வேண்டும். குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மீண்டும் பார்க்க வேண்டும். அழுத்தம் நன்றாக உயர்ந்தால் ரிங் அல்லது சிலிண்டர் தேய்ந்திருக்கிறது. உயராவிட்டால் வால்வு அல்லது ஹெட் காஸ்கெட்டில் குறை.

நாலும் சமமாக, நல்ல அழுத்தம் காட்டியும் காலையில் நீலப்புகை வருகிறதா? அப்படியானால் வால்வுத் தண்டில் மாட்டியிருக்கும் சிறு ரப்பர் வளையங்களே முதல் சந்தேகத்துக்குரியவை. சூட்டில் அவை காலப்போக்கில் கெட்டியாகி வெடித்துவிடும். அவற்றை மாற்ற எஞ்சினை இறக்க வேண்டியதில்லை.

ஆண்டுக்கணக்கில் ஷெட்டில் நின்ற வண்டிக்கு இன்னும் கொஞ்சம் பொறுமை தேவை. ரிங்குகள் தம் பள்ளத்தில் கரி பிடித்து ஒட்டிக்கொண்டிருக்கலாம். புது ஆயில் ஊற்றிச் சில நூறு கிலோமீட்டர் நிதானமாக ஓட்டினால் அவை விடுபட வாய்ப்புண்டு. அதன்பின் சோதித்தால்தான் சரியான விடை கிடைக்கும்.

இதற்கிடையில் அளவுக் கம்பியை வாரம் ஒரு முறையாவது பார்ப்பது அவசியம். ஆயில் விளக்கை நம்பியிருப்பது ஆபத்து. விளக்கு எரியும்போது ஆயில் அழுத்தம் ஏற்கெனவே விழுந்திருக்கும். பேரிங் பிடித்துக்கொள்ள அதன்பின் நெடுநேரம் ஆகாது.

இத்தனையும் பார்த்து ரிங் தேய்ந்தது நிச்சயமானால், ரீபோருக்குத் தயங்க வேண்டாம். ஆனால் ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விடும்போது நாலு சிலிண்டரின் அழுத்தக் கணக்கையும், 500 கிலோமீட்டருக்கு எவ்வளவு ஆயில் பிடித்தது என்ற குறிப்பையும் கையோடு கொடுக்க வேண்டும். கணக்கைக் கையில் வைத்திருப்பவரிடம் எந்த மெக்கானிக்கும் யோசித்துத்தான் பேசுவார்.