தெரியாத பக்கம்

கிராமப்புறக் குழந்தைகளின் படிப்பை வீடு வீடாகச் சென்று அளக்கும் ஏசர் ஆய்வில், கணக்குக்கென வைத்திருக்கும் படிகளில் கடைசிப் படி வகுத்தல். மூன்று இலக்க எண் ஒன்றை ஓரிலக்க எண்ணால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். 2022ஆம் ஆண்டு ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளில் இந்தப் படியைத் தாண்டியவர்கள் நாடு முழுவதும் 25.6 விழுக்காடு. 2024இல் அது 30.7 விழுக்காடாக உயர்ந்தது. அதே 2024இல் எட்டாம் வகுப்பில் இந்தப் படியைத் தாண்டியவர்கள் 45.8 விழுக்காடு. நான்காம் வகுப்பு அளவிலேயே கைவர வேண்டிய ஒரு கணக்கு, தொடக்கப் பள்ளியை முடித்து மூன்று ஆண்டுகள் ஆன பிறகும் பாதிப் பேருக்கு மேல் வரவில்லை. வாய்ப்பாடு மனப்பாடமில்லை, பயிற்சி போதவில்லை என்று வழக்கமாகக் காரணம் சொல்கிறோம். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் இன்னொரு காரணமும் இருக்கிறது என்பதே இந்த வாரக் கட்டுரையின் வாதம். நீண்ட பழக்கத்துக்குப் பிறகு வரவேண்டிய ஒரு சுருக்கெழுத்தை நாம் முதல் பாடமாகக் கொடுக்கிறோம். அதற்கு முன்னால் குழந்தை பார்க்க வேண்டியது ஒரு செவ்வகம்.

738ஐ 6ஆல் வகுக்கும் முறையை நினைத்துப் பாருங்கள். ஏழில் ஆறு ஒரு தடவை, ஓராறு ஆறு, ஏழில் ஆறு போக ஒன்று, பக்கத்து மூன்றை இறக்கு, பதின்மூன்றில் ஈராறு பன்னிரண்டு, மீதி ஒன்று, எட்டை இறக்கு, மூவாறு பதினெட்டு. விடை 123. இந்த வரிகளில் எந்த எண்ணும் அதன் உண்மையான மதிப்போடு பேசப்படவில்லை. ஏழு என்றது எழுநூறு. ஒரு தடவை என்றது நூறு தடவை. பதின்மூன்று என்றது நூற்று முப்பது. மூன்றாம் வகுப்பில் நூறு, பத்து, ஒன்று என்று இடமதிப்பைப் பாடுபட்டுக் கற்றுக்கொடுத்துவிட்டு, நான்காம் வகுப்பில் அதை மறந்தால்தான் கணக்கு ஓடும் என்று சொல்கிறோம். பெரியவர்களுக்கு இது வசதி. 1491இல் ஃபிளாரன்ஸில் அச்சான ஃபிலிப்போ கலாந்திரியின் கணக்குப் புத்தகத்திலேயே இன்றைய நீள் வகுத்தலுக்கு நெருங்கிய வடிவம் காணக்கிடைக்கிறது. எண்ணோடு புழங்கிப் பழகியவருக்கு வேகமும் காகிதச் சிக்கனமும் தரும் முறை அது. அந்த வேலையை இன்றும் அருமையாகச் செய்கிறது. வகுத்தல் என்றால் என்ன என்று முதன்முறையாகக் கேட்கும் ஒன்பது வயதுக் குழந்தைக்கு அது பதில் சொல்வதில்லை.

செவ்வகம் பதில் சொல்கிறது. சென்ற வாரம் பெருக்கலைச் செவ்வகத்தின் பரப்பாகப் பார்த்தோம்: இரண்டு பக்கங்கள் தெரியும், பரப்பைக் கண்டுபிடிக்கிறோம். வகுத்தலில் பரப்பு தெரியும், ஒரு பக்கம் தெரியும், மற்றப் பக்கம் தெரியாது. வீட்டுமனை பேசுகிறவர்களுக்கு இது அன்றாடக் கணக்கு. ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி, முகப்பு 40 அடி என்றால் உள்ளே 60 அடி போகும் என்று பேனா எடுக்காமலே சொல்வார்கள். 738ஐ 6ஆல் வகுக்க, உயரம் 6 என்று ஒரு செவ்வகம் வரைகிறோம். உள்ளே அடங்க வேண்டிய பரப்பு 738. அகலம் 100 எடுத்தால் 600 சதுரங்கள் தீரும், மீதி 138. இன்னொரு 20 அகலத்தில் 120 தீரும், மீதி 18. மேலும் 3 அகலத்தில் அதுவும் தீரும். மூன்று துண்டுகளின் அகலத்தையும் கூட்டினால் 123. நூறு நூறாகவே இருக்கிறது, இருபது இருபதாகவே இருக்கிறது. முழுச் செவ்வகத்தைத் துண்டுகளாக வெட்டினால் துண்டுகளின் பரப்புகள் கூடி முழுப் பரப்பாகும் என்ற ஒரே உண்மைதான் இதற்கு ஆதாரம். யூக்ளிடின் ‘எலிமென்ட்ஸ்’ நூலில் இரண்டாம் புத்தகத்தின் முதல் தேற்றம் இதுவே. புதுமை விரும்பிகள் யாரோ நேற்றுக் கிளப்பிவிட்ட வித்தை என்று இதை ஒதுக்குபவர்கள் அந்தத் தேற்றத்தை ஒருமுறை பார்க்க வேண்டும்.

வகுத்தலுக்கு இரண்டு பொருள் உண்டு என்பதைப் பாடநூல்கள் சொல்கின்றன. ஆனால் இரண்டும் ஏன் ஒரே விடையைத் தருகின்றன என்று அபூர்வமாகவே விளக்குகின்றன. 24 லட்டுகளை 4 குழந்தைகளுக்குச் சமமாகப் பங்கிட்டால் ஆளுக்கு 6. 24 லட்டுகளைப் பெட்டிக்கு 4 வீதம் அடுக்கினால் 6 பெட்டிகள். முதல் கணக்கில் ஆறு என்பது லட்டு, இரண்டாவதில் ஆறு என்பது பெட்டி. குழந்தையின் கண்ணுக்கு இவை இரண்டு வேறு செயல்கள். ஒன்று, முறை வைத்துக் கொடுப்பது. மற்றொன்று, நான்கு நான்காக எடுத்து வைப்பது. இரண்டுக்கும் ஒரே குறியைப் போடச் சொன்னால் அது குழம்புவதில் வியப்பில்லை. கட்டம் போட்ட நோட்டில் நான்கு வரிசையும் ஆறு நிரலுமாக ஒரு செவ்வகத்தை வரைந்து காட்டுங்கள். ஒவ்வொரு வரிசையையும் ஒரு குழந்தையின் பங்காகப் பார்த்தால் அது முதல் கணக்கு. ஒவ்வொரு நிரலையும் ஒரு பெட்டியாகப் பார்த்தால் அது இரண்டாவது. படம் மாறவில்லை, பார்க்கும் திசை மட்டும் மாறியது. பணத்தைப் பங்கிடும் கணக்கில் செவ்வகம் எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களுக்கும் இதுவே பதில். செவ்வகம் பணத்தில் இல்லை. பங்கின் அமைப்பில் இருக்கிறது.

நீள் வகுத்தலில் திரும்பத் திரும்ப வரும் இரண்டு இடறல்களும் இந்தப் படத்தில் கண்ணுக்குத் தெரிந்துவிடுகின்றன. 824ஐ 8ஆல் வகுத்து 13 என்று எழுதும் குழந்தையை எல்லா ஆசிரியர்களும் அறிவார்கள். எட்டில் எட்டு ஒன்று, இரண்டில் எட்டு போகாது, நான்கை இறக்கினால் இருபத்து நான்கில் மூன்று. ‘போகாவிட்டால் பூஜ்யம் போடு’ என்ற விதியை மறந்ததுதான் பிழை. செவ்வகத்தில் அப்படியொரு விதியே தேவையில்லை: 800க்கு அகலம் 100, 24க்கு அகலம் 3, மொத்தம் 103. நூறு என்று எழுதிய கை அதைப் பதின்மூன்றாக்காது. அடுத்தது மீதி. மீதி எப்போதும் வகுக்கும் எண்ணைவிடச் சிறியதாக இருக்க வேண்டும் என்பதை விதியாகவே ஒப்பிக்க வைக்கிறோம். 95ஐ 4ஆல் வகுக்கும்போது 20 நிரல்களில் 80, மேலும் 3 நிரல்களில் 12 போனபின் மூன்று சதுரங்கள் மிஞ்சுகின்றன. நான்கு உயரமுள்ள ஒரு நிரலை நிரப்ப அவை போதாது. நான்கு மிஞ்சியிருந்தால் இன்னொரு நிரல் எழும்பியிருக்கும். இதைப் பார்த்த குழந்தைக்கு விதியின் காரணம் தெரியும். காரணம் தெரிந்ததை மறப்பது கடினம்.

எண்ணை வசதியான துண்டுகளாக வெட்டிக் கணக்குப் போடுவது குழந்தைகளுக்கு இயல்பாகவே வரும் என்பதற்குச் சான்று உண்டு. பிரேசிலின் ரெசிஃபி நகரத் தெருக்களில் பொருள் விற்ற சிறுவர்களைப் பற்றி டெரெசினா நூனஸ், டேவிட் கராஹர், அனலூசியா ஷ்லீமன் மூவரும் 1985இல் வெளியிட்ட ஆய்வு பிரசித்தி பெற்றது. காய் ஒன்று 35 குருசேரோ என்றால் பத்துத் தேங்காய்க்கு என்ன விலை என்று கேட்டபோது, ஒரு பன்னிரண்டு வயதுச் சிறுவன் மூன்று காய்க்கு 105 என்று தொடங்கி, மும்மூன்றாகக் கூட்டி ஒன்பதுக்கு வந்து, கடைசிக் காயின் 35ஐச் சேர்த்து 350 என்றான். தெருவில் ஏறக்குறையப் பிழையின்றிக் கணக்குப் போட்ட அதே சிறுவர்கள், காகிதத்தில் எழுதிக் கொடுத்த அதே அளவுக் கணக்குகளில் தடுமாறினார்கள். கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் வேலை செய்யும் குழந்தைகளை வைத்து அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோர் செய்து, 2025இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான ஆய்வும் இதே பிளவைக் காட்டியது. அங்கே மறுபக்கமும் தெரிந்தது: பள்ளிக் கணக்கில் தேறிய குழந்தைகள் சந்தைக் கணக்கில் திணறினார்கள். இந்த இரண்டு ஆய்வுகளிலும் செவ்வகம் இல்லை. அதை நான் இங்கே கொண்டுவருவது என் முடிவு. மனத்தில் துண்டு துண்டாக நடக்கும் கணக்கைக் காகிதத்தில் இறக்கிவைக்க ஒரு வடிவம் வேண்டும் என்றால், நமக்குக் கிடைப்பவற்றில் செவ்வகம் மிக எளியது.

இதற்கு எதிரான வலுவான சான்று நெதர்லாந்திலிருந்து வருகிறது. அதை மறைத்துவிட்டு வாதம் செய்வது நேர்மையாகாது. அங்கே நீள் வகுத்தலைத் தள்ளிவைத்து, வகுக்கும் எண்ணின் மடங்குகளைத் துண்டு துண்டாகக் கழித்துக்கொண்டே போகும் முறையைப் பரவலாகக் கற்பித்தார்கள். 1997க்கும் 2004க்கும் இடையில், தொடக்கப் பள்ளியின் இறுதி வகுப்பு மாணவர்களின் வகுத்தல் திறன் அங்கே சரிந்தது. மரியன் ஹிக்கன்டார்ஃபும் உடன் ஆய்வாளர்களும் விடைத்தாள்களை ஆராய்ந்து 2009இல் சொன்னது கூர்ந்து படிக்க வேண்டியது. பழைய முறையைக் கைவிட்ட மாணவர்களில் பலர் புதிய முறைக்குப் போகவில்லை. எதையுமே எழுதாமல் மனக்கணக்காக விடை போட்டார்கள். பிழைகள் பெருகியது அங்கேதான். இதற்கு முன், 2002இல் ஜூலியா ஆங்கிலேரியும் டச்சு ஆய்வாளர்களும் வெளியிட்ட ஒப்பீட்டில், துண்டுகளை ஒழுங்காக எழுதிப் படிப்படியாகச் சுருக்கக் கற்ற டச்சுக் குழந்தைகள், நீள் வகுத்தலுக்கு நேராகப் போன இங்கிலாந்துக் குழந்தைகளைவிட அதிகம் முன்னேறியிருந்தார்கள். இரண்டையும் சேர்த்துப் படித்தால் எனக்குக் கிடைக்கும் பாடம் இது: துண்டாக்குவதில் கேடில்லை, எழுத்து நழுவுவதில்தான் கேடு. ஆகவே செவ்வகம் கற்பிக்கும் ஆசிரியர் ஒன்றில் கண்டிப்பாக இருக்க வேண்டும். ஒவ்வொரு துண்டின் அகலமும் பரப்பும், ஒவ்வொரு கழித்தலின் மீதியும் தாளில் இருக்க வேண்டும். விடை சரியாக இருந்தாலும் வெற்றுத் தாளை ஏற்கக் கூடாது.

வாய்ப்பாடே தெரியாத குழந்தைக்கு எந்த முறை உதவும் என்பது அடுத்த கேள்வி. உண்மையில் அந்தக் குழந்தைக்குத்தான் இது அதிகம் உதவும். ஏழாம் வாய்ப்பாடு தடுமாறும் குழந்தை 994ஐ 7ஆல் வகுக்க வேண்டும் என்று கொள்வோம். நூறு ஏழு 700, மீதி 294. பத்து ஏழு 70, அதன் இரட்டிப்பு 140. அதை இரண்டு முறை எடுத்தால் மீதி 14. அதற்கு அகலம் 2. கூட்டினால் 100, 20, 20, 2, விடை 142. நீள் வகுத்தலில் கூடவோ குறையவோ எடுத்தால் அழித்து எழுத வேண்டும். இங்கே குறைத்து எடுத்தால் இன்னொரு துண்டு சேரும், அவ்வளவே. வாய்ப்பாடு வேண்டாம் என்பது இதன் பொருளல்ல. வாய்ப்பாடு தேறத் தேறத் துண்டுகள் குறையும். துண்டுகள் குறைவதே குழந்தையின் வளர்ச்சியை ஆசிரியருக்குக் காட்டும். பெற்றோருக்கு இந்த முறை தெரியாது என்ற குறையை ஒரு பெற்றோர் கூட்டத்தில் பத்து நிமிடத்தில் தீர்க்கலாம். நேரம் போதாது என்பது மட்டும் கனமான மறுப்பு. செவ்வகத்துக்குச் சில வாரங்கள் கூடுதலாகப் போகும்தான். எட்டாம் வகுப்பிலும் பாதிப் பேருக்கு மேல் தேறாத ஒரு பாடத்தை நான்காம் வகுப்பில் சீக்கிரம் முடித்ததில் மிச்சப்பட்ட நேரம் எங்கே போனது என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவில் 2010இல் வெளியான பொதுக் கல்வித் தரநிலைகள் நான்காம் வகுப்பில் பரப்புப் படத்தால் வகுத்தலை விளக்கச் சொல்லி, நீள் வகுத்தலில் தேர்ச்சியை ஆறாம் வகுப்புக்கு வைத்தன. அந்த வரிசை சரி. இடைவெளி நீளம் என்பது என் கருத்து. படமும் நீள் வகுத்தலும் ஒரே பக்கத்தில் அருகருகே இருக்கும் நாட்கள் வேண்டும். முதலில் நூறுக்குள் அடங்கும் எண்களைக் கட்டத் தாளில் சதுரம் எண்ணி வரையட்டும். பிறகு கட்டமில்லாத கோட்டுப் படம். அங்கே அளவு சரியாக இராது. 100 அகலத்தையும் 3 அகலத்தையும் தாளில் உள்ளபடி வரைய முடியாது என்பதைக் குழந்தையிடம் சொல்லிவிட வேண்டும். மூன்றாவதாக, 738இன் செவ்வகத்தை இடப்புறமும் நீள் வகுத்தலை வலப்புறமும் எழுதி, ஈவில் போட்ட 1 எந்தத் துண்டு, இறக்கிய 3 எங்கிருந்து வந்தது என்று விரலால் தொட்டுக் காட்டச் சொல்ல வேண்டும். அதைக் காட்டத் தெரிந்த குழந்தை படத்தை விட்டுவிடலாம். ஈரிலக்க எண்ணால் வகுக்கும்போது அது தானாகவே படத்துக்குத் திரும்பக்கூடும்: 552ஐ 23ஆல் வகுக்க, 230, மீண்டும் 230, மிச்சம் 92க்கு நான்கு, விடை 24. ஒன்பதாம் வகுப்பில் x²+5x+6ஐ x+2ஆல் வகுக்கும்போதும் இதே கட்டம் உதவும். தெரியாத பக்கம் அங்கே x+3. அதற்கு முன்பே நாம் பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது. 95ஐ 4ஆல் வகுத்தபோது நிரம்பாமல் நின்ற கடைசி நிரலில் நான்கு சதுரங்களுக்கு மூன்று இருந்தன. மீதி 3 என்று எழுதிய இடத்தில் முக்கால் என்றும் எழுதலாம். எப்போது எதை எழுதுவது என்பதை அடுத்த வாரம் பின்னங்களோடு சேர்த்துப் பார்ப்போம்.