வரிச்சுவரைத் தாண்டி வரும் பால் விலை

புதுதில்லி: நியூசிலாந்துடனான தடையற்ற வர்த்தக ஒப்பந்தப் பேச்சு நிறைவடைந்ததாக 2025 டிசம்பர் 22-ல் மத்திய அரசு அறிவித்தபோது, பால், வெண்ணெய், பாலாடைக்கட்டி ஆகியவை வரிச் சலுகைப் பட்டியலில் இடம்பெறவில்லை. இதைக் காரணம் காட்டியே அந்நாட்டின் வெளியுறவு அமைச்சர் வின்ஸ்டன் பீட்டர்ஸ் ஒப்பந்தத்தை எதிர்த்தார். 2019 நவம்பரில் பாங்காக்கில் ஆர்செப் ஒப்பந்தத்திலிருந்து இந்தியா விலகியதற்கும், 2022-ல் ஆஸ்திரேலியாவுடனான உடன்பாட்டில் பால் பொருள்கள் சேர்க்கப்படாததற்கும் பால் உற்பத்தியாளர்களின் எதிர்ப்பே முக்கியக் காரணம்.

இத்தனைக்கும் ஏற்றுமதி நாடுகளில் பால் பெருகிக்கொண்டே போகவில்லை. நியூசிலாந்தில் 2014-15-ல் 50 லட்சத்தை எட்டிய கறவை மாடுகளின் எண்ணிக்கை இப்போது சுமார் 47 லட்சம். நதிகளில் நைட்ரஜன் கலப்பதைக் கட்டுப்படுத்த அந்நாட்டு அரசு 2020-ல் உர வரம்பு விதித்தது. ஆஸ்திரேலியாவில் 2001-02-ல் 1,130 கோடி லிட்டராக இருந்த உற்பத்தி, வறட்சியாலும் விவசாயிகள் தொழிலைக் கைவிட்டதாலும் 850 கோடி லிட்டருக்கும் கீழே இறங்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 1984 முதல் இருந்துவந்த உற்பத்தி வரம்பு 2015 மார்ச் 31-ல் நீக்கப்பட்டது. அயர்லாந்து உடனே பாய்ந்தது. நெதர்லாந்தோ பாஸ்பேட் மாசைக் குறைக்க 2017-ல் மாடுகளையே குறைக்க நேர்ந்தது. அமெரிக்கா மட்டுமே இன்னும் விரிவடையும் தெம்புடன் இருக்கிறது.

அப்படியானால் அச்சம் எதற்கு? பதில் சீனாவில் இருக்கிறது. நியூசிலாந்துப் பால் பவுடரின் மிகப்பெரிய வாடிக்கையாளரான சீனா, தன் சொந்த உற்பத்தியை 2023-ல் 4 கோடி டன்னுக்கு மேல் உயர்த்திக்கொண்டு கொள்முதலைக் குறைத்தது. உற்பத்தியில் சுமார் 95 சதவீதத்தை ஏற்றுமதி செய்தே தீரவேண்டிய நாட்டுக்கு, அடுத்த பெரிய சந்தை எது என்பதில் குழப்பமில்லை.

உலகில் கறக்கப்படும் பாலில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவே எல்லை தாண்டுகிறது. ஆனால், பவுடர் விலையை நிர்ணயிப்பது அந்தச் சிறு பங்குதான். 2014 ஆகஸ்டில் ஐரோப்பியப் பால் பொருள்களுக்கு ரஷ்யா தடை விதித்தது. சீனா கொள்முதலைச் சுருக்கியது. அடுத்த ஆண்டு ஐரோப்பாவின் உற்பத்தி வரம்பும் போனது. 2013-ல் டன்னுக்கு 5,000 டாலரைத் தொட்ட கொழுப்பு நீக்காத பவுடர், 2015 ஆகஸ்டில் 1,600 டாலருக்கும் கீழே சரிந்தது. கொழுப்பு நீக்கிய பவுடரும் அதே வழியில் போயிற்று.

அப்போது இந்தியாவுக்குள் வெளிநாட்டுப் பவுடர் வந்து குவியவில்லை. 60 சதவீத இறக்குமதி வரி அதைத் தடுத்தது. ஆயினும் அடி விழுந்தது. 2013-14-ல் 1 லட்சம் டன்னுக்கு மேல் கொழுப்பு நீக்கிய பவுடரை ஏற்றுமதி செய்த இந்திய நிறுவனங்களுக்கு வெளிச்சந்தை மூடிக்கொண்டது. பால் மிகுதியாகச் சுரக்கும் மாதங்களில் உபரிப் பாலைப் பவுடராக்கி வைப்பதே வழக்கம். அந்தப் பவுடர் கிடங்கில் தேங்கியதும் நிறுவனங்கள் கொள்முதல் விலையில் கைவைத்தன. மகாராஷ்டிரத்தில் பசும்பாலுக்கு லிட்டருக்கு ரூ.27 என அரசு நிர்ணயித்திருந்தும் பல நிறுவனங்கள் ரூ.20-க்கும் குறைவாகவே கொடுத்தன. 2018 ஜூலை 16-ல் ராஜு ஷெட்டி தலைமையில் விவசாயிகள் மும்பைக்குப் பால் செல்வதை நிறுத்தினர். சில நாள்களில் லிட்டருக்கு ரூ.5 மானியம் அறிவித்து அரசு பணிந்தது.

அந்த வரியும் எளிதில் கிடைத்ததன்று. உருகுவே சுற்றுப் பேச்சில் கொழுப்பு நீக்கிய பவுடருக்கு வரியே விதிப்பதில்லை என இந்தியா வாக்குக் கொடுத்திருந்தது. விளைவு தெரியவந்தபின், ஆண்டுக்கு 10,000 டன் வரை 15 சதவீதம், அதற்கு மேல் 60 சதவீதம் என்று மறுபேச்சு நடத்தி மாற்றிக்கொள்ள நேர்ந்தது. உபரியை எப்படிக் கையாள வேண்டும் என்பது தெரியாத நாடும் அன்று இது. ஐரோப்பா நன்கொடையாக அனுப்பிய பவுடரையும் வெண்ணெய் எண்ணெயையும் விற்ற பணத்தில்தான் 1970-ல் தொடங்கிய வெண்மைப் புரட்சிக்கு வர்கீஸ் குரியன் அடித்தளமிட்டார்.

கதவு உள்ளிருந்தும் திறக்கலாம். 2018-19-ல் 6 சதவீதத்தைத் தாண்டிய உற்பத்தி வளர்ச்சி, 2024-25-ல் 3.58 சதவீதமாகக் குறைந்தது; மொத்த உற்பத்தி 24.79 கோடி டன். தோல் கழலை நோயால் உற்பத்தி தேங்கிவிட்டதாகவும், தேவைப்பட்டால் வெண்ணெய், நெய் இறக்குமதி செய்யப்படும் என்றும் 2023 ஏப்ரலில் மத்திய கால்நடைத்துறைச் செயலர் தெரிவித்தார். சரத் பவார் உடனே கண்டனக் கடிதம் எழுத, அப்போதைய அமைச்சர் பர்ஷோத்தம் ரூபாலா இறக்குமதி இல்லை என்று விளக்கமளித்தார். தேக்கம் என்று செயலர் சொன்ன அதே 2022-23-ல் பால் உற்பத்தி 3.83 சதவீதம் உயர்ந்ததாக அவரது துறையே பின்னர் வெளியிட்ட புள்ளிவிவரம் கூறியது.