திட்டு வாங்கினால்தான் வேலையா? அம்மாவும் மகளும் சேர்ந்து யோசிக்க



நம் குழுக்களில் அம்மா, மகள், மருமகள் எல்லோருமே பனியன் கம்பெனிக்குப் போகிற வீடுகள் நிறைய உண்டு. ஒரே ஊர், ஒரே தொழில். ஆனாலும் கம்பெனியைப் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு தலைமுறைக்கும் ஒத்துப் போவதில்லை. “நாங்க வாங்காத திட்டா? காதுல போட்டுக்காம வேலையைப் பாரு கண்ணு” என்கிறார் அம்மா. “நான் எதுக்கு வாங்கணும்?” என்கிறாள் மகள். இதில் யார் பக்கம் நியாயம்?

அம்மா பார்த்த கம்பெனி

முன்பு வேலைக்கு வந்த பெண்களில் பலர் கைமடியாகச் சேர்ந்தவர்கள். பல முதலாளிகள் தாங்களே தொழிலாளியாக இருந்து மேலே வந்தவர்கள். அண்ணா, மாமா என்று கூப்பிடுகிற பழக்கம் இருந்தது. திட்டும் வரும், அவசரத்துக்கு முன்பணமும் வரும். பிடிக்கவில்லையா, சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு திங்கட்கிழமை வேறு கம்பெனி. அம்மாவிடம் இருந்த பலம் அதுதான்.

இன்னொரு பலமும் இருந்தது. 1984ல் பஞ்சப்படி கேட்டு திருப்பூரில் நடந்த வேலைநிறுத்தம் 127 நாள் நீடித்தது. “அந்தக் காலத்துல யாரும் வாய் திறக்கல” என்று சொல்வது சரியில்லை.

மகள் பார்க்கிற கம்பெனி

இன்று பல கம்பெனிகளில் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகிறது. கார்டு, கேமரா, மணிக்கு இத்தனை பீஸ் என்று டார்கெட். போனை வாசலிலேயே கொடுத்துவிட வேண்டும். மகளைத் திட்டுகிற சூப்பர்வைசருக்கும் மேலே ஆள் இருக்கிறார். வெளிநாட்டு பையர் விலையையும் தேதியையும் முடிவு செய்கிறார். கப்பலில் போக வேண்டிய சரக்கு தாமதமானால் விமானத்தில் அனுப்பும் செலவு பெரும்பாலும் கம்பெனி தலையில் விழும். அந்தப் பயம் மேனேஜருக்கு, அவரிடமிருந்து சூப்பர்வைசருக்கு, அங்கிருந்து டெய்லருக்கு, கடைசியில் கைமடிக்கு என்று இறங்கி வருகிறது. திட்டு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. அதற்காக அதை நியாயம் என்று சொல்லிவிட முடியாது.

விதி வேறு, அடக்குமுறை வேறு

நேரத்துக்கு வருவது, ஊசி உடைந்தால் சொல்வது, தலைமுடி கட்டுவது, இதெல்லாம் விதி. எல்லோருக்கும் ஒன்றுதான், வேலைக்காகத்தான். பாத்ரூம் போவதை எண்ணுவது, உடம்பைப் பற்றிப் பேசுவது, தொடுவது, சம்பளத்தைப் பிடித்து வைப்பது, விடுதியில் இருந்து வீட்டுக்குப் போன் பேச விடாதது, “வெளியே சொன்னா வேலை போயிடும்” என்று மிரட்டுவது, இதெல்லாம் அடக்குமுறை.

சுமங்கலித் திட்டம் நம் எல்லோருக்கும் தெரியும். நூல் மில் விடுதியில் மூன்று வருஷம் தங்கி வேலை செய்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்றார்கள். நடுவில் உடம்பு முடியாமல் வந்துவிட்ட பிள்ளைகளில் பலருக்கு அந்தப் பணம் கிடைக்கவில்லை. “பிள்ளை பாதுகாப்பா இருக்கும்” என்று நம்பித்தான் பெற்றவர்கள் அனுப்பினார்கள். பூட்டி வைப்பதற்குப் பெயர் பாதுகாப்பு இல்லை.

வீட்டில் சொல்ல முடியாத பேச்சு

களப்பணிக்குப் போகிற இடங்களில் இளம் பெண்கள் எங்களிடம் அடிக்கடி சொல்வது ஒன்று உண்டு: “வீட்டுல சொன்னா வேலைய விட்டு நிறுத்திருவாங்க, உடனே மாப்பிள்ளை பாக்க ஆரம்பிச்சிருவாங்க.” அதனால் தொல்லையைப் பொறுத்துக்கொண்டு வாய் மூடிக்கொள்கிறார்கள். தொல்லை கொடுப்பவனுக்கும் இது தெரியும். அம்மாவின் கோபத்துக்கு மகள் பயப்படுகிற வரைக்கும் அவனுக்குப் பயம் இல்லை.

இதனால் உயிரே போகலாம். 2021 ஜனவரியில் திண்டுக்கல் பகுதியில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஓர் இளம் பெண் கொல்லப்பட்டார். வேலை இடத்தில் அவருக்குத் தொல்லை இருந்ததாகக் குடும்பத்தாரும் கூட வேலை செய்தவர்களும் சொன்னார்கள். பெண்கள் முன்னின்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் விடாமல் போராடியது. 2022 ஏப்ரலில் திருப்பூரைச் சேர்ந்த ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்துடன் திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தானது. எச் அண்ட் எம் போன்ற வெளிநாட்டுக் கம்பெனிகளும் பொறுப்பேற்றன. 25 தொழிலாளருக்கு ஒருவர் என்று தொழிலாளர்களிலிருந்தே கண்காணிப்பாளர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். புகார் சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது என்பது நிபந்தனை. முதல் வருஷம் 185 புகார் வந்தது, 182 தீர்ந்தது. பயமில்லாமல் சொல்ல ஓர் இடம் இருந்தால் பெண்கள் சொல்வார்கள் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

சட்டம் என்ன சொல்கிறது?

வேலை இடத்துப் பாலியல் தொல்லைக்கு எதிரான சட்டம் 2013ல் வந்தது. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்புகார்க் குழு இருக்க வேண்டும். தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும். உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்கள், ஒருவர் வெளியாள். 10 பேருக்குக் குறைவான யூனிட் என்றாலும், முதலாளி மேலேயே புகார் என்றாலும் மாவட்ட அளவில் உள்ள உள்ளூர்ப் புகார்க் குழுவுக்குப் போகலாம். மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் வரை அனுமதிக்கலாம். எழுதத் தெரியாவிட்டால் எழுத உதவ வேண்டியது குழுவின் கடமை. அவசரத்துக்கு 181.

இந்த மாதக் கூட்டத்தில் பேச

1. நம் வீட்டுப் பெண்கள் போகிற கம்பெனியில் உள்புகார்க் குழு இருக்கிறதா? அதில் யார் யார் என்று அவர்களுக்குத் தெரியுமா?

2. மகள் ஒரு தொல்லையைச் சொன்னால் நாம் முதலில் சொல்லும் வார்த்தை என்ன? “நீ என்ன பண்ணின?” என்பதா, “சொன்னது நல்லதாப் போச்சு, என்ன செய்யலாம் சொல்லு” என்பதா?

3. வேலை மாற வேண்டி வந்தால் சம்பளம் இல்லாத அந்த இரண்டு வாரத்துக்குக் குழுவின் உள்கடன் உதவுமா? பேசி முடிவெடுத்து, ஊக்குநர் தீர்மான நோட்டில் எழுதி வைக்கவும்.

எங்கே நல்ல கம்பெனி, எப்போது விலகி வர வேண்டும் என்பது அம்மாவுக்குத் தெரியும். சம்பளச் சீட்டைப் படிக்கவும், எழுதிக் கேட்கவும் மகளுக்குத் தெரியும். இரண்டும் ஒரே வீட்டில்தான் இருக்கிறது. ஒருவர் வாயை ஒருவர் அடைக்காமல் இருந்தால் போதும்.